விளையாட்டின் எல்லை: 'ஏ கிளாஸ் டிவைடட்' குறித்து

மாட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரில் 4ஆம் திகதி கொல்லப்பட்டதற்கு மறுநாள், ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிற்றூரான றைஸ்வில்லில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியற் தம் மாணவரைக் கண்ணின் நிறத்தால் இரு கூறாக்கினார். ஒரு முறை உயர்ந்தோராயிருந்தவர் அடுத்த முறை தாழ்ந்தோராயினர். 1970இல் படமாக்கப்பட்ட இதே பயிற்சியையும், அம்மாணவர் வளர்ந்தபின் மீளக் கூடிய நிகழ்வையும் இணைத்து 1985இல் வெளிவந்த விவரணப்படமே இது.

போலச்செய்தலின் கல்விப் பயனுக்குச் சான்றாகவே இப்படம் பெரிதும் காட்டப்படுகின்றது. அதில் உண்மையுமுண்டு. கழுத்திற் பட்டியணிந்து தாழ்ந்தோராயிருந்த நாளில், பழுப்புக் கண் மாணவர் வாசிப்பட்டைகளை முடிக்க ஐந்தரை நிமிடம் எடுத்தனர். பட்டி நீங்கிய மறுநாள் இரண்டரை நிமிடமே போதுமாயிற்று. இழிவு அறிவையும் முடக்கும் என்பதனை இதனினும் துலக்கமாகக் காட்டல் அரிது.

ஆயின் இதனை விளையாட்டு எனலாமா? கூத்தில் அரசனாய் வருபவன் தான் அரசனல்லன் என்பதை அறிவான்; பார்ப்போரும் அறிவர். இங்கோ ஆசிரியை வேடம் பூணவில்லை. நிறமே அறிவைத் தீர்மானிக்கும் என்பதைப் பாடஞ் சொல்லும் அதே குரலிற் கூறினார். இடைவேளையில் 'பழுப்புக் கண்' என்றழைத்த தோழனைச் சிறுவனொருவன் அடித்தபோது, அவன் நடிக்கவில்லை. தொடக்கத்தில் அவர்களது இசைவு கேட்கப்பட்டது மெய்யே. எதற்கு இசைந்தோம் என்பதை அவ்வயதினர் எங்ஙனம் அறிவர்?

படம் இவ்விடத்தில் நின்று வினவவில்லை. வளர்ந்தோரின் நன்றியுரையால் முறையையே நியாயப்படுத்திவிடுகின்றது. அந்நன்றி போலியன்று. ஆனால் ஆராயாது பணிதலின் தீமையைக் கற்பித்த பயிற்சி, அப்பணிவை நம்பியே நடந்தது. பட்டியை அணியச் சொன்னவரும் ஆசிரியையே. கழற்றலாம் என்றவரும் அவரே.