காற்றைக் கணக்கில் கொள்ளாத எண்கள்

டிரோன் எனப்படும் சிறு பறக்கும் பொறிகளை இன்று திருமண வீட்டிலும் காண்கிறோம், நெல் வயலிலும் காண்கிறோம். அவற்றுடன் வரும் விவரக்குறிப்பில் எண்கள் நிறைந்திருக்கின்றன. எண் என்றதும் மறுபேச்சின்றி நம்பிவிடுவது நம்மில் பலரின் வழக்கம். அந்த எண்களைக் கோடியக்கரைக் காற்றோடு ஒப்பிட்டு ஆராய்வோம்.

2020-இல் வெளிவந்த டி.ஜே.ஐ. மினி 2 என்ற பொறியை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 249 கிராமுக்குள். காற்றைத் தாங்கும் திறன் வினாடிக்கு 8.5 முதல் 10.5 மீட்டர். பறக்கும் நேரம் 31 நிமிடம். கீழ்நோக்கும் காமிராவின் துணையால் 0.3 மீட்டருக்குள்ளும், ஜி.பி.எஸ். துணையால் 1.5 மீட்டருக்குள்ளும் பக்கவாட்டில் விலகாமல் நிற்கும். இவை பொய் எண்கள் அல்ல. ஆனால் 31 நிமிடம் என்பது காற்றே இல்லாத நிலையில், வினாடிக்கு 4.7 மீட்டர் வேகத்தில் பறக்கவிட்டு அளந்தது. இதைக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. நம் முதல் கேள்வி இங்கேதான் எழுகிறது.

கோடியக்கரை, கடற்கரை மேற்கே திரும்பும் முனை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. காற்றைத் தடுக்க மலை ஏதுமில்லை. வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றோ நிலத்தைக் கடந்து கடலை நோக்கி வீசுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். காற்றைச் சார்ந்து வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் பொறி, கிழக்கே 1 கி.மீ. போய்த் திரும்ப வேண்டும். காற்று இல்லையேல் போக வர 200 வினாடி போதும். மேல்காற்று 8 மீட்டர் வேகத்தில் வீசினால், போகும்போது வேகம் 18 மீட்டர். 56 வினாடியில் போய்விடும். திரும்பும்போது வேகம் 2 மீட்டர்தான். 500 வினாடி ஆகும். 'தாங்கும்' என்று குறிப்பு சொல்லும் காற்றுதான் இது. பொறி விழவில்லை, ஆனால் மின்கலம் தீர்வதற்குள் கரை சேருமா என்பது வேறு கேள்வி. அதற்குக் குறிப்பில் விடை இல்லை.

அடுத்து உணர்கருவிகள். ஆற்று வெள்ளத்தோடு மிதந்து செல்லும் தோணியில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டால், தோணி நகர்வதை உணரமாட்டார். சீரான காற்றோடு அடித்துச் செல்லப்படும் டிரோனின் முடுக்கமானியும் அப்படித்தான். இடம் மாறியதை ஜி.பி.எஸ்.ஸோ காமிராவோதான் சொல்ல வேண்டும். காமிரா தரையிலுள்ள அடையாளங்களைப் பார்த்து நிலைகொள்கிறது. கீழே அலையோ, காற்றில் அசையும் நெற்பயிரோ இருந்தால், எது அசைகிறது, பொறியா தரையா என்று அதற்கு மயக்கம் வரும். வேதாரண்யத்து உப்பளத்தின் ஒரே வெண்மைப் பரப்பிலும் பற்றிக்கொள்ள அடையாளம் குறைவு. 0.3 மீட்டர் என்ற எண் எத்தகைய தரைக்கு என்பதையும் பார்க்க வேண்டாமா?

உயரத்தைக் காற்றழுத்தமானி அறிகிறது. ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். வினாடிக்கு 10 மீட்டர் காற்று ஒரு பரப்பில் மோதி நின்றால் ஏறும் அழுத்தம் சுமார் 60 பாஸ்கல். அது முழுவதும் அழுத்தமானியை எட்டினால், பொறி 5 மீட்டர் இறங்கிவிட்டதாக எண்ணி மேலே ஏறும். இதற்காகவே அழுத்தமானியை நுரைப்பஞ்சால் மூடுகிறார்கள். பிழை குறைகிறது, முற்றும் ஒழிவதில்லை. காந்த ஊசிபோல் திசை காட்டும் கருவியைக் காற்று நேராகத் தொடுவதில்லை. ஆனால் எதிர்காற்றில் மோட்டார்கள் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கின்றன. அதன் காந்தப்புலம் திசையைப் பிறழச் செய்யலாம்.

இன்னொன்று. காற்றின் வேகம் இருமடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. திறந்தவெளியில் தரையருகே உள்ளதைவிட 60 மீட்டர் உயரத்தில் காற்று வலுவாகவே வீசும். ஆகவே, முகத்தில் படும் காற்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நம் தீர்ப்பு இதுதான். இந்த விவரக்குறிப்பு பொறியின் வலிமையைச் சொல்கிறது. அது திரும்பி வருவதைப் பற்றியும், அதன் கருவிகள் எப்போது ஏமாறும் என்பதைப் பற்றியும் போதிய அளவு சொல்லவில்லை. 'இந்தக் காற்றில் இத்தனை நிமிடம், இத்தனை தூரம்' என்று ஓர் அட்டவணை தந்திருந்தால் வாங்குபவருக்குப் பெரிதும் பயன்பட்டிருக்கும்.

1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரைக்கு, முப்பது கிராம் எடைகூட இல்லாத கொசு உள்ளான் வடதுருவப் பகுதியிலிருந்து பறந்து வருகிறது. வலசைப் பறவைகள் பொதுவாகச் சாதகமான காற்றுள்ள நாளைத் தேர்ந்தெடுத்தே புறப்படுகின்றன. நம் பொறிக்கு அந்த அறிவு இல்லை. எனவே நாளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இயக்குபவருடையது. சரணாலயத்தின் மேல் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது என்பதையும் மறவாதீர்கள். அனுமதியுள்ள இடத்தில் முதலில் எதிர்காற்றில் செல்லுங்கள். திரும்பும்போது காற்றே உங்களுக்குத் துணையாகும்.