சராசரி பாட்: லாபியில் பாதி உண்மை சொல்லும் எண்

ஆன்லைன் போக்கரில் நான் தோற்ற பணத்தில் கணிசமான பங்கு, சீட்டைக் கையில் எடுக்கும் முன்பே போனது. தப்பான டேபிளில் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அதற்குக் காரணமான ஒரு சின்ன எண்ணைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட் காலத்திலிருந்தே பல கணினிச் செயலிகளின் லாபியில் டேபிளுக்கு ஒரு வரி இருக்கும்: பிளைண்ட், ஆட்கள் எண்ணிக்கை, சராசரி பாட் (ஒரு கையில் சேரும் பந்தயப் பணம்), ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்ப்போர் சதவீதம், மணிக்கு எத்தனை கை. சராசரி பாட் தலைப்பைச் சொடுக்கினால் பெரிய பாட் உள்ள டேபிள் மேலே வந்துவிடும். நானும் அப்படித்தான் சொடுக்கினேன். பிரிட்டனில் உரிமம் பெற்ற ஒரு தளம், நோ லிமிட் ஹோல்டம், 50 சென்ட்/1 டாலர் பிளைண்ட், 6 பேர் டேபிள். (இந்தியாவில் 2025-ல் வந்த சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்துவிட்டது. அங்கிருப்பவர்கள் இதைக் கணக்குப் பாடமாக மட்டும் படியுங்கள்.)

முதலிடத்தில் நின்ற டேபிளில் சராசரி 31 டாலர். மற்றவை 12-ஐ ஒட்டியே இருந்தன. காசை அள்ளி வீசும் கூட்டம் என்று நினைத்து உட்கார்ந்தேன். அள்ளி வீசவில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இருவர், ஃபிளாப் வருவதற்கு முன்பே ஒருவர்மேல் ஒருவர் ரெய்ஸை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஃபோல்ட் செய்தார்கள். பக்கத்துக் கட்டத்தில் ஃபிளாப் சதவீதம் 17 என்று இருந்ததை நான் பார்க்கவே இல்லை. இரண்டு முறை என் ஸ்டாக் காலியானது.

இப்போது இரண்டையும் சேர்த்தே பார்க்கிறேன். பாட் பெரிது, ஃபிளாப் சதவீதமும் 40-ஐ நெருங்குகிறது என்றால், பலர் சுமாரான சீட்டோடு கால் செய்து உள்ளே வருகிறார்கள். நல்ல கை கிடைத்தால் அங்கே காசு கிடைக்கும். பாட் பெரிது, சதவீதம் 20-க்குக் கீழே என்றால் அது சண்டைக்காரர்களின் டேபிள். பாட் சிறிது, சதவீதம் அதிகம் என்றால் பயந்தபடி கால் மட்டும் செய்யும் கூட்டம். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். பாடம் மலிவாகக் கிடைக்கும். இந்த அளவுகள் 6 பேர் டேபிளுக்கு மட்டும். 9 பேர் டேபிளில் சதவீதம் இயல்பாகவே குறையும், அதனால் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

இந்த எண்ணின் பெரிய குறை அது சராசரியாக இருப்பதே. 20 கைகள் என்று வைத்துக்கொள்வோம். 19 கைகளில் பாட் 6 டாலர். ஒரே ஒரு கையில் இரண்டு பேர் ஆல்-இன் போய்ப் பாட் 200 டாலர். மொத்தம் 314, சராசரி 15.70. லாபியில் அந்த டேபிள் கொண்டாட்டமாகத் தெரியும். உள்ளே போனால் 6 டாலர் பாட்டுக்காகக் காத்துக் கிடக்கலாம். அந்த ஆல்-இன்னில் தோற்றவர் எழுந்தும் போயிருப்பார். நீங்கள் தேடி வந்த ஆள் அவர்தான்.

ஸ்டாக் அளவும் ஏமாற்றும். 250 பெரிய பிளைண்ட் வரை கொண்டுவர அனுமதிக்கும் டேபிளில், அதே ஆட்கள் அதே மாதிரி ஆடினாலும் பாட் பெரிதாகும். பிளைண்ட் வேறுபட்டால் பாட்டைப் பெரிய பிளைண்டால் வகுத்துப் பாருங்கள். ஸ்டாக் வரம்பு ஒன்றாக உள்ள, ஒரே வகை டேபிள்களை மட்டும் ஒப்பிடுங்கள். பாட்-லிமிட் ஓமஹாவின் எண்ணை ஹோல்டமுக்குப் பக்கத்தில் வைப்பதில் பயனே இல்லை.

என் பழக்கம் இப்போது இதுதான்: வரிசைப்படுத்தி மூன்று டேபிளைத் திறப்பேன், உட்காராமல் இரண்டு சுற்றுப் பார்ப்பேன். யார் கால் செய்கிறார், கடைசியில் என்ன சீட்டைக் காட்டுகிறார் என்று குறித்துக்கொள்வேன். அந்தப் பத்து நிமிடம் தரும் தகவலை எந்தக் கட்டமும் தராது. ஆனால் ஐம்பது டேபிளை மூன்றாகக் குறைக்கச் சராசரி பாட்டை விட வேகமான கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

தளங்களிடம் நான் கேட்பது ஒன்று: சராசரிக்குப் பக்கத்தில் இடைநிலை எண்ணையும் (பாட்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) காட்டுங்கள். மேலே சொன்ன 20 கை உதாரணத்தில் அது 6 என்று நேராகச் சொல்லிவிடும். அப்படி ஒரு டேபிளை நானும் திறக்க மாட்டேன்.