மாடிப்படிக்குக் கீழே, விறாந்தைக்குப் பின்னே

திருச்சியில் தம்பி வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-அவர் பற்றறியும் இருக்கின்றன. கரண்ட் போனால் மின்விசிறி ஒரு கணம் தயங்கிவிட்டு மறுபடி சுற்றும், பேச்சுக்கூட நிற்காது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் நெடுங்காலம் இருந்தது, பின்விறாந்தையில் சாக்கு போட்டு மூடிய பெற்றோல் ஜெனரேற்றர். இருட்டு வந்த விதம் இரண்டு ஊரிலும் வேறு. வாங்கிய பொருளும் அதனால்தான் வேறாயிற்று.

தமிழ்நாட்டில் 2012இல் சென்னைக்கு 2 மணி நேர வெட்டு என்றால் மற்ற மாவட்டங்களில் அது 14 மணி நேரம் வரை போனது. ஆனால் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். வருகிறபோது பிடித்துவைத்துப் போகிறபோது செலவழிக்கப் பற்றறியைவிடப் பொருத்தமானது இல்லை. மோசமான நாட்களில் அது பாதி நிறையும் முன்பே அடுத்த வெட்டு வந்துவிடும் என்பான் தம்பி.

எங்களுக்கோ 1990இல் போர் மறுபடி மூண்டபோது நின்ற மின்சாரம் ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. பிடித்துவைக்க எதுவுமே வரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோ சுற்றி ரேடியோ கேட்டோம். ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெயும் திரியும் போட்டுப் படித்தோம். படம் பார்க்க ஆசை வந்தால் ஜெனரேற்றர், டெக், டிவி மூன்றையும் வாடகைக்கு எடுத்து, ஊரே கூடி விடிய விடியப் பார்க்கும். அப்படி வளர்ந்த எங்களுக்குக் கயிற்றை இழுத்து இயந்திரத்தை முடுக்கினால்தான் நம்பிக்கை வரும்.

அந்த நம்பிக்கையை 2022 உடைத்தது. மார்ச் கடைசியில் இலங்கையில் வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. இறக்குமதிக்கு டொலர் இல்லை, அதனால் அனல் மின் நிலையங்களுக்கு எண்ணெய் இல்லை. அதே காரணத்தால் பெற்றோல் செட்டிலும் எண்ணெய் இல்லை. ஜூலையில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அதில் ஜெனரேற்றருக்கு எங்கே ஊற்றுவது? மின்சாரத்தை நிறுத்திய தட்டுப்பாடே மாற்று வழியையும் அடைத்துவிடும் என்று அந்த மாதங்களில்தான் எனக்கு விளங்கியது.

அதன் பிறகு பலர் கூரைச் சூரியத் தகட்டை நாடினார்கள். வாங்குமுன் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: பற்றறி இல்லாமல் மின்வாரிய வலையோடு மட்டும் இணைத்த தகடு, கரண்ட் போன அடுத்த நொடியே, பட்டப்பகலிலும், தானும் அணைந்துவிடும். கம்பியில் வேலை செய்கிற ஊழியரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. வெட்டு நேரத்திலும் வேண்டுமென்றால் பற்றறியும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் தேவை. இது இரு கரைக்கும் பொது.

பற்றறிக்கும் எல்லை உண்டு. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் காவிரி டெல்டாவில் கம்பங்களைச் சாய்த்தபோது, இன்வெர்ட்டர்கள் முதல் இரவோடு ஓய்ந்தன. பிறகு வாடகை ஜெனரேற்றர்கள்தான் தெருத்தெருவாக வந்து மேல்தொட்டிகளை நிரப்பின. ஓடும்போது 1 குதிரைத்திறன் தண்ணீர் மோட்டார் 746 வாட் வேலை செய்தாலும், கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தாங்காது.

ஆகவே கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள். 75 வாட் விசிறி 3, 10 வாட் விளக்கு 5: மொத்தம் 275 வாட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பற்றறியில் 1800 வாட்-மணி இருக்கிறது. முழுவதையும் இறைக்காமல், இழப்பையும் கழித்தால் ஏறத்தாழ 4 மணி நேரம் ஓடும். 30 வாட் பிஎல்டிசி விசிறிக்கு மாறினால் அதே பற்றறி 8 மணி நேரம் வரும். பெரிய பற்றறி தேடுவதைவிட விசிறியை மாற்றுவதே நல்லது என்பேன்.

இப்போது எங்கள் வீட்டிலும் விளக்குக்கும் விசிறிக்கும் பற்றறிதான். ஜெனரேற்றர் கிணற்று மோட்டாருக்கு மட்டும். அதையும் விறாந்தையிலிருந்து எடுத்து, நாலு பக்கமும் திறந்த கொட்டிலில் வைத்துவிட்டேன். அதன் புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. சாத்திய கதவுக்குள் உறங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மின்வாரிய இணைப்பைத் துண்டித்த பிறகே ஜெனரேற்றர் இணைகிற மாற்றுச் சுவிட்சையும் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு போட்டாயிற்று. அது இல்லாவிட்டால், எங்கள் கிணற்றடியில் பிறக்கும் மின்சாரம் தெருக் கம்பிக்கு ஏறி, அங்கே கம்பத்தில் நிற்கிற பிள்ளையின் கையில் பாயும்.