பாசி பிடித்த பவளத் தொட்டி

கடல் பவளங்கள் வளரும் கண்ணாடித் தொட்டியில் பிரையோப்சிஸ் என்ற பச்சைப் பாசி வந்துவிட்டால் கையால் பிடுங்கி மாளாது. மெல்லிய இறகு போல விரியும் அது, பாறைத் துளையில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி தழைக்கும். தண்ணீரை மட்டும் மாற்றிப் பயனில்லை. சுண்ணாம்புப் பாறை பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருக்கும். நீரில் அது குறையக் குறையத் தானே கசியவிடும்.

ஆகவே சீரமைப்பு பாறையிலிருந்தே தொடங்குகிறது. மீன்களும் பவளங்களும் ஏற்கெனவே பழகிய வேறொரு தொட்டிக்குப் போகும். பாறைகளை உப்புநீரில் கெட்டித் தூரிகையால் தேய்த்து, வெளிச்சம் புகாத பீப்பாயில் ஹீட்டரும் பம்பும் ஓட வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். இருளில் பாசி மடியும். கழிவைச் செரிக்கும் பாக்டீரியா பிழைத்திருக்கும். அவசரப்பட்டுப் பாறையைக் கொதிக்கவைப்பது பேராபத்து: பாலிதோவா என்ற பவள உறவு உயிரி அதில் ஒட்டியிருந்தால் பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு மூச்சில் ஏறும். அழுக்கேறிய பழைய மணலைத் தூக்கி எறிவதே மேல்.

புதிதாக நிரப்பும் நீர் ஆர்.ஓ. முறையில் வடித்ததாக இருக்கட்டும். உப்பு கலந்தபின் அதன் ஒப்படர்த்தி 1.025, வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியான பிறகே உயிர்களை விட வேண்டும். முதலில் நத்தைகள், கடைசியில் பவளங்கள்.

முதல் மாதங்களில் டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசி படர்வது இயல்பு, பதற வேண்டாம். பாஸ்பேட்டை அறவே துடைத்தெடுப்பதும் தவறு: பவளம் வெளிறும், பிரையோப்சிஸைவிடப் பிடிவாதமான டைனோஃபிளாஜெல்லேட் நுண்ணுயிர் குடியேற வழி பிறக்கும்.