‘அம்பிதியேற்றர்’ என்னுஞ் சொல்லின் பொருளும் வழக்கும்

கிரேக்க நாடகம்பற்றி எழுதுவோர் சிலர், எப்பிடோறசில் குன்றின் சரிவிலே அமைந்த நாடக அரங்கினை ‘அம்பிதியேற்றர்’ எனக் குறித்துச் செல்கின்றனர். படிவரிசையாக இருக்கைகள் அமைந்த அரைவட்ட மண்டபத்துக்கும் அச்சொல்லை வழங்க ஆங்கில அகராதிகள் இடந்தருகின்றன. எனினும், நாடக வரலாறு கற்பார்க்கு இவ்வழக்கு மயக்கந் தருவதாதலின், அதனை ஆராய்தல் வேண்டும்.

‘தியாத்ரொன்’ என்னுங் கிரேக்கச் சொல் காணுமிடம் எனப் பொருள்படும். முதலிற் பார்வையாளர் அமரும் இடத்தைக் குறித்த அது, பின்னர்க் கட்டடம் முழுமைக்கும் பெயராயிற்று. ‘அம்பி’ என்பது இருபுறமும், சுற்றிலும் எனப் பொருள் தரும் முன்னொட்டு. ஆகவே, சூழவிருந்து காணும் இடமே அம்பிதியேற்றர். உரோமில் கி. பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியம் இதற்குச் சான்று. நீள்வட்டமான அக்களத்தில் வாட்போரும் விலங்கு வேட்டையும் நிகழ்ந்தன.

இவ்வேறுபாடு வடிவத்தளவில் நிற்பதன்று. எப்பக்கத்தினின்று நோக்கினும் போர் போரே. அதற்குச் சூழ்ந்த இருக்கை பொருந்தும். நாடகமோ சொல்லால் இயல்வது. நடிகன் அவையை நோக்கி நின்று பேசுதல் வேண்டும். அவன் புகவும் போகவும் வேடம் மாற்றவும் பின்னே ‘ஸ்கீனே’ என்னுங் கட்டடம் வேண்டும். கி. மு. 4ஆம் நூற்றாண்டினதாகிய எப்பிடோறசு அரங்கு இத்தேவைகளுக்கு இயைந்தது. அதனைக் கொலோசியத்தின் இனமாகக் கொள்ளும் மாணவன், சொபோக்கிளிசின் அவலச்சுவை நாடகம் ஆடப்பட்ட முறையை உணரத் தவறுவான்.

வட்டமாயிருத்தல் மாத்திரம் அமையாதோ எனின், அமையாது. 1599இல் இலண்டனில் எழுந்த குளோப் ஏறக்குறைய வட்டமாயிருந்தும், அதன் மேடையின் ஒருபுறம் நடிகர்க்குரிய மனையால் அடைபட்டிருந்தது. அதுவும் தியேற்றரே.

தமிழில் ‘அரங்கு’ என்பது ஆடுவோர் இடத்தினின்று விரிந்த சொல். சிலப்பதிகார அரங்கேற்று காதை அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவு கூறுவது ஆடுமேடைக்கே. கிரேக்கர் காண்போரை வைத்துப் பெயரிட்டனர். நாம் ஆடுவோரை வைத்துப் பெயரிட்டோம். இன்று இரண்டும் முழுக் கட்டடத்தையுங் குறிப்பனவாதலின், தியேற்றரை அரங்கு என்றும் அம்பிதியேற்றரைச் சூழரங்கு என்றும் வழங்குதல் தகும். அவ்வாறு கொள்ளின், எப்பிடோறசில் உள்ளது அரங்கு, கொலோசியமே சூழரங்கு. இவ்வளவு தெளிவை மாணாக்கர்க்கு அளித்தல் ஆசிரியர் கடனாகும்.