வழுக்கும் போல்டைக் கவ்வும் சாக்கெட்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பைக்கின் சைலன்சர் நட்டைப் பார்த்தாலே அது எந்தப் பக்கத்து வண்டி என்று பாதி சொல்லிவிடலாம். நாகர்கோவிலுக்குள் ஓடுவதென்றால் துரு மேலோடு நிற்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்றால் நட்டின் ஆறு முகமும் கரைந்து உருண்டையாகியிருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கும் மண், அதன்மேல் உப்புக் காற்று. மீன்பெட்டி கட்டிக்கொண்டு தக்கலை, திருவட்டார் பக்கம் வியாபாரத்துக்குப் போகும் டிவிஎஸ் எக்ஸ்எல்களில், பெட்டியிலிருந்து வடியும் தண்ணீர் பின்பக்கத்துப் போல்ட் ஒன்றையும் விட்டுவைப்பதில்லை.

இப்படித் தலை மழுங்கிய போல்டுகளுக்கென்றே விற்கப்படும் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் செட்டைக் கடலோரப் பட்டறை ஒன்றில் பயன்படுத்திப் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண சாக்கெட்தான். உள்ளே ஆறு முகம் கிடையாது. அதற்குப் பதில் கூரான வரிகள் சுருளாக ஓடுகின்றன. மழுங்கிய தலையைவிடச் சற்றே சிறிய அளவை எடுத்து, சுத்தியலால் தட்டி ஏற்றி, ராட்செட் மாட்டி இடப்பக்கம் திருப்ப வேண்டும். திருப்பத் திருப்ப வரிகள் இரும்புக்குள் இன்னும் இறங்குகின்றன. ஸ்பேனரில் பலம் கூடக் கூடப் பிடி நழுவும், இதில் பலம் கூடினால் பிடி இறுகுகிறது.

முதலில் கிடைத்தது ஒரு பழைய 100 சிசி வண்டியின் சைலன்சர் நட்டு. 10 எண் நட்டு துருவில் தேய்ந்து ரிங் ஸ்பேனருக்குள் சும்மா சுற்றியது. 9 எண் எக்ஸ்ட்ராக்டரைத் தட்டி ஏற்றியதும் கவ்விக்கொண்டது; 'டக்' என்று ஒரு சத்தம், நட்டு இளகிவிட்டது. வைஸ் கிரிப்பைக் கடிக்க வைத்து மல்லுக்கட்டும் வேலையோ, உளியை வைத்து ஓரத்தில் அடிக்கும் வேலையோ இல்லை. இந்த ஒரு காரியத்துக்காகவே இதைப் பாராட்டுவேன்.

ஆனால் இதன் பலத்திலேயே ஒரு குறையும் இருக்கிறது. இறுகிய போல்டைக் கழற்றப் பழைய மெக்கானிக்குகள் முதலில் கொஞ்சம் வலப்பக்கம் முறுக்குவார்கள், பிறகு இடப்பக்கம். இப்படி முன்னும் பின்னும் அசைத்தால் துரு உடைந்து வழிவிடும். எக்ஸ்ட்ராக்டரின் சுருள் இடப்பக்கம் மட்டுமே கவ்வும், வலப்பக்கம் திருப்பினால் கழன்று கையோடு வந்துவிடும். அசைக்கிற வேலையெல்லாம் தலை முழுசாக இருக்கும்போதே, ஆறு முனை சாக்கெட்டில் முடிந்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் பன்னிரண்டு முனை சாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்தபடி சொன்னார்: "அண்ணாச்சி, இத வச்சா மிச்சம் இருக்க மூலையும் போயிரும்." பன்னிரண்டு முனை மூலைகளில் மட்டுமே பிடிக்கும், ஆறு முனை முகத்தோடு ஒட்டிப் பிடிக்கும் என்பதால் அவர் பேச்சு முழுக்கச் சரி.

அடுத்தது சூடு. இஞ்சின் கவர் அலுமினியம், போல்ட் இரும்பு. உப்புத் தண்ணீர் இரண்டையும் சேர்த்து ஒரு சிறு பேட்டரியாக்கிவிடுகிறது. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி, மரைக்குள் அடைத்துக்கொண்டு போல்டை நெரிக்கிறது. எவ்வளவு நல்ல சாக்கெட்டும் இந்த அடைப்பை நீக்காது. சூடுபட்டால் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் அலுமினியம். அதனால் போல்டைச் சுற்றியுள்ள கவரில் ஹீட் கன்னைக் காட்டினால் துளை அகன்று பிடி தளர்கிறது. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டுத்தான் சூடு காட்ட வேண்டும். எல்லோரும் நம்பும் டபிள்யூடி-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் பாகங்களிலிருந்து ஈரத்தை விரட்டி, துருவைத் தடுக்க உருவானது, இறுகிய போல்டை இளக்க அல்ல. துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய் என்றே தனியாக விற்பதை வாங்கி, முதல்நாள் இரவே ஊற்றி வைப்பது மேல்.

கையால் உணர வேண்டியது ஒன்று உண்டு. இளகும் போல்ட் சட்டென்று விடும், ஒடியப்போகும் போல்ட் ரப்பர்போல் மெல்ல முறுகும். எக்ஸ்ட்ராக்டரின் பிடி நழுவாததால் சைலன்சர் ஸ்டட் மாதிரி மெல்லியதை முறித்துவிடும் ஆபத்து கூடுதல். முறுகுவது தெரிந்தவுடன் நிறுத்தி மறுபடி சூடு காட்டுங்கள். ஸ்டட் சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒடிந்தால், வேலை லேத் பட்டறைக்குப் போய்விடும்.

எல்லா இடத்துக்கும் இது உதவாது. குழிக்குள் இறங்கியிருக்கும் கவர் போல்டுகளுக்கு இதன் தடித்த சுவர் நுழையாது. மழுங்கிய ஆலன் போல்டுக்கு உள்ளே டார்க்ஸ் பிட்டை அடித்து இறக்குவதுதான் வழி. யமஹா ஆர்எக்ஸ் 100இன் இஞ்சின் கவரில் இருக்கும் நட்சத்திர ஸ்குருவுக்கோ, சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவரைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். அந்த ஸ்குரு ஜப்பானிய வகை. சாதாரண ஸ்குரு டிரைவர் அதில் மேலேறி வழுக்கும். தலை முழுக்கப் போய்விட்ட போல்டில் நட்டு ஒன்றை வைத்து வெல்டு அடிப்பதே இன்றும் உறுதியான வழி. பிஎஸ்-6 வண்டியென்றால் அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள், இசியு பிழைக்கும்.

கழற்றிய போல்ட் எக்ஸ்ட்ராக்டருக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. பின்பக்கத்து ஓட்டை வழியே பஞ்ச் வைத்துத் தட்டினால் விழுந்துவிடும். அந்தப் போல்டைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை மரையில் கிரீஸ் தடவி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்து முறுக்குங்கள். கிரீஸ் பட்ட மரை அதே பலத்தில் அதிகம் இறுகும்.

வாங்கும்போது குரோம் மாலிப்டினம் எஃகா என்று பாருங்கள். கார்களை மனதில் வைத்துச் செய்த பெட்டிகள் பல 10 எண்ணிலிருந்துதான் தொடங்குகின்றன. பைக்கின் கவர் போல்டுகளில் பெரும்பாலானவை 8, தேய்ந்துபோன 10க்கு 9 வேண்டும். இந்த இரண்டும் இல்லாத பெட்டி நம் வேலைக்கு ஆகாது.