நற்சிந்தனையிற் சீடன் நிலை

யோகசுவாமிகள் (1872–1964) அருளிய நற்சிந்தனைப் பாடல்களைக் குருவணக்க நூலெனப் போற்றுவார் பலர். சீடனிலக்கணம் கூறும் நூலாகக் கொள்வதே பொருத்தமென்பது எமது கருத்து.

வன்னிநிலத்துக் கிளிநொச்சியில், நீர்ப்பாசன வேலைக்களத்துக் களஞ்சியப் பொறுப்பாளராய்ப் பணிபுரிந்தவர் சுவாமிகள். அவரை ஆட்கொண்ட செல்லப்பா சுவாமிகளோ, நல்லூர்த் தேரடியில் உலகத்தாராற் பித்தரெனப் பழிக்கப்பட்டவர். வருவோரை ஏசித் துரத்துபவர். தவத்தாற் பக்குவமுற்ற உயிர்க்கே முதல்வன் குருவாய் வந்துணர்த்துவன் என்பது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரக் கருத்து. அப்பக்குவத்தின் உரைகல்லே அவ்வேச்சு எனலாம்.

திருவாசகத்திற் குருவைப் பிரிந்த அடியவரின் அழுகை மேலோங்கும். நற்சிந்தனையிலோ குருவின் சிறுவாக்கியங்கள் சில மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றன. இதனைக் கூறியது கூறலென்னுங் குற்றமாகக் கருதுவாருளர். ஓசையளவில் நின்றொழியும் பாடல்கள் சிலவற்றில் அக்குற்றம் உண்மையே. ஆயினும், சிறந்த பாடல்களில் ஒரே வாக்கியம் இடந்தோறும் புதுப்பொருள் பயக்கின்றது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்னும் நான்கனுள், கேட்டதோடு அமையாது தெளியுமளவும் சிந்தித்தலன்றோ மாணாக்கன் தொழில்? அத்தொழிலே ஈண்டுச் செய்யுள் வடிவு பெற்றது.

ஆதலின், குருவைப் புகழ்ந்த அளவில் ஒருவர் சீடராகார். அவர் சொல்லைத் தம் வாழ்விற் பொருளுடையதாக்கும்போதே சீடராவர் என்பது இந்நூல் தருந் துணிபாம்.